ஒரு கிருமி, இரண்டு பெயர்

கறந்த சூடு ஆறாத பாலைத் தாரோஷ்ணம் என்பார்கள். உடம்பு தேற அதற்கு நிகர் இல்லை என்று சொல்லும் பெரியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. ஆனாலும் பால் வந்ததும் முதற் காரியமாக அதை அடுப்பில் ஏற்றிப் பொங்கவிடுவது நம் வீடுகளில் ஒரு நித்திய கடமையாக இருந்து வருகிறது. அந்நாளில் அமெரிக்காவில் பெரும்பாலும் இந்த வழக்கம் இருக்கவில்லை. அங்கே பலருக்கும் பச்சைப் பால்தான் பாலாக இருந்தது. மாடு கொழுகொழுவென்று இருக்க வேண்டும், தொழுவம் பெருக்கி இருக்க வேண்டும், கறப்பவன் கை கழுவி இருக்க வேண்டும்; இவ்வளவும் இருந்தால் அந்தப் பாலில் தோஷம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் படித்தவர்களும் பாமரர்களும் பால் வியாபாரிகளும் ஒருமுகமாக இப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1917-ஆம் வருஷத்தில் ஒரு பெண்மணி, இல்லை, தோஷம் இருக்கிறது, அதுவும் பசுவின் மடிக்குள்ளேயே இருக்கிறது என்று சொன்னார். அவரை யாரும் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதுதான் இந்தக் கதை. அதைச் சொல்ல வேண்டுமானால், அமெரிக்காவை விட்டுவிட்டு முதலில் மால்ட்டாத் தீவுக்குப் போய்வர வேண்டும்.

மத்தியதரைக் கடலில், சிசிலிக்குத் தெற்கே இருக்கிற சின்னஞ்சிறு தீவு அது. அந்நாளில் பிரிட்டிஷ் கடற்படைக்கு அது ஒரு முக்கியமான தளம். அங்கே போன சிப்பாய்களையும் மாலுமிகளையும் ஒரு விசித்திரமான ஜுரம் பிடித்தது. சாயங்காலம் ஏறும்; இரவில் வேர்த்துக் கொட்டும்; விடிந்தால் இறங்கும். இரண்டு மூன்று வாரத்தில் அடியோடு விட்டுவிட்டது போல் தோன்றும். நோயாளி எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மறுபடி வரும். கடல் அலை போல் எழுந்தும் விழுந்தும் மாதக் கணக்கில் ஆளை வதைக்கும். மூட்டுக்கு மூட்டு வலி, சோர்வு, மனம் இடிந்துபோதல். செத்தவர்கள் குறைவுதான். ஆனால் மூன்று நான்கு மாதம் படுக்கையிலே கிடக்கும் சிப்பாயை வைத்துக்கொண்டு எந்த ராஜ்யம் யுத்தம் செய்யும்?

1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ வைத்தியர், இந்த ஜுரத்தில் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து ஒரு நுண்ணிய கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். பூதக்கண்ணாடியில் அது உருண்டையாகத் தெரிந்தது. ஆகையால் 'மைக்ரோகாக்கஸ்', அதாவது குட்டி உருண்டை என்று குலப் பெயரும், மால்ட்டாவின் பழைய பெயரான மெலிட்டாவை ஒட்டி 'மெலிட்டென்சிஸ்' என்று ஊர்ப் பெயரும் அதற்கு ஏற்பட்டன. கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டது. அது மனிதனுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பது மட்டும் மேலும் பதினெட்டு வருஷம் தெரியவில்லை. சாக்கடை என்றார்கள், தூசி என்றார்கள், கொசு என்றும் பார்த்தார்கள். கடைசியில் 1904-ல் ஒரு கமிஷனே நியமிக்கப்பட்டது.

அந்தக் கமிஷனில் உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தார். தெமிஸ்டோக்ளீஸ் ஸம்மிட் என்று பெயர். பிற்காலத்தில் மால்ட்டாவின் புராதனக் கோயில்களை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவரும் இவரே. சொந்த மொழியில் கதைகளும் எழுதினார். அதனால் எனக்கு அவர் மேல் ஒரு ஜாதி அபிமானம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மால்ட்டாவில் அந்தக் காலத்துப் பால் என்றால் ஆட்டுப் பால். சென்னைத் தெருக்களில் பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுத்தது போல, அங்கே வெள்ளாடுகளை வீடு வீடாக ஓட்டிப் போய்க் கறந்து கொடுப்பார்கள். ஆடுகளோ பார்க்க நல்ல திடகாத்திரமாக இருந்தன. அவற்றுக்கு இந்த நோய் வராது என்பதே நிபுணர்களின் முடிவு. 1905-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஸம்மிட் சில ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். நோய் கண்டு தேறிய மனிதனின் ரத்த நீரில் அந்தக் கிருமியை விட்டால் அது திரிந்த பால் போலத் துகள் துகளாகத் திரளும். ஆடுகளின் ரத்த நீரிலும் அப்படியே திரண்டது! சீக்கிரத்திலேயே அவற்றின் பாலிலும் கிருமி இருப்பது நிச்சயமாயிற்று. ஆடு சௌக்கியமாகவே இருந்தது. பாலும் வெள்ளை வெளேரென்று ருசியாகவே இருந்தது.

அதே வருஷம் இதற்குச் சாட்சி சொல்ல ஒரு கப்பலும் வந்து சேர்ந்தது. நல்ல பால் கொடுக்கிற ஜாதி என்று அமெரிக்க விவசாய இலாகா சுமார் 60 மால்ட்டா வெள்ளாடுகளை வாங்கி 'ஜோஷுவா நிக்கல்சன்' என்ற கப்பலில் ஏற்றியிருந்தது. வழியெல்லாம் மாலுமிகள் ஆசை தீர அந்தப் பாலைக் குடித்தார்கள். குடித்தவர்களில் பெரும்பாலோர் ஜுரத்தில் விழுந்தார்கள். இதைவிட என்ன ருசு வேண்டும்? 1906-ல் மால்ட்டாவின் ராணுவ முகாம்களில் ஆட்டுப் பால் தடை செய்யப்பட்டது. 1905-ல் அறுநூறு பேருக்கு மேல் பிடித்த ஜுரம், இரண்டே வருஷத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துவிட்டது. புரூஸுக்கு 1908-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. ஸம்மிட்டுக்கு அது 1930-ல் கிடைத்தது. தீவின் ஏழை ஜனங்கள் பச்சை ஆட்டுப் பாலையே குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஜுரமும் வந்துகொண்டிருந்தது.

இப்போது வடக்கே டென்மார்க்குக்கு வருவோம். அந்த நாட்டுக் குடியானவர்களுக்கு வேறொரு சங்கடம். சினைப் பசுக்கள் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம், ஏழாம் மாதம் என்று கன்று வீசின. ஒன்று வீசினால் சில மாதத்துக்குள் கொட்டில் முழுவதும் வரிசையாக வீசும். கோபன்ஹேகனில் பெர்ன்ஹார்ட் பாங் என்ற பேராசிரியர் 1897-ல் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துப் பிரசுரம் செய்தார். அவருக்கு அது சிறு கோல் வடிவமாகத் தெரிந்தது. எனவே அதற்குப் 'பாசில்லஸ்' என்று பெயர், அதாவது கோல். நம் கால்நடை வைத்தியர்கள் இந்த வியாதியைத்தான் கன்று வீச்சு நோய் என்கிறார்கள்.

இந்தக் கிருமி தொழுவத்தில் நடத்துகிற ராஜ்யத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சினைப் பசுவின் இளங்கொடியில் எரித்ரிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. இந்தக் கிருமிக்கு அது தேன் மாதிரி. அதைத் தின்று கோடி கோடியாகப் பெருகிக் கொடியை அழுகச் செய்கிறது. கன்று செத்துக் கீழே விழுகிறது. கூடவே விழுகிற கொடியிலும் நீரிலும் உள்ள கிருமிகளுக்குக் கணக்கே இல்லை. பக்கத்தில் கட்டியிருக்கிற பசு, மாட்டு சுபாவப்படி, அதை முகர்ந்து நக்குகிறது. அல்லது அது சிந்திய வைக்கோலைத் தின்கிறது. அதற்கு நோய் ஒட்டிக்கொள்கிறது. நல்ல வெயில் பட்டால் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஆனால் ஈரமும் இருட்டுமாக இருக்கிற மூலையில், சாணக் குழியில், குளிர்ந்த மண்ணில், வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அது உயிரோடு காத்திருக்கும். கன்று வீசிய பசுவோ அடுத்த ஈற்றில் பெரும்பாலும் முழுக் கன்று ஈன்றுவிடுகிறது. போன தடவை ஏதோ கண் திருஷ்டி, இப்போது சரியாகிவிட்டது என்று குடியானவன் சந்தோஷப்படுகிறான். சரியாகவில்லை. கிருமி மடியிலே குடியேறிவிட்டது. மாடு தின்கிறது, அசை போடுகிறது, முன்போலவே கறக்கிறது. ஒவ்வொரு வேளைப் பாலிலும் கிருமியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஆக, தெற்கே ஓர் உருண்டை. வடக்கே ஒரு கோல். உருண்டை மனித வைத்தியர்களின் சொத்து. கோல் மிருக வைத்தியர்களின் சொத்து. முன்னது ஜுரப் புஸ்தகத்தில் ஏறியது, பின்னது மாட்டுப் புஸ்தகத்தில் ஏறியது. அந்த வைத்தியர்கள் இந்தப் புஸ்தகத்தைப் படிப்பதில்லை, இந்த வைத்தியர்கள் அந்தப் புஸ்தகத்தைப் படிப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், பாங் மனித வைத்தியமும் மிருக வைத்தியமும் இரண்டும் படித்தவர். அவருக்கே தோன்றவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருபது வருஷம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஆலிஸ் ஈவான்ஸ் என்பவருக்கு. அவர் டாக்டரும் அல்ல, மிருக வைத்தியரும் அல்ல. 1881-ல் பென்சில்வேனியாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருந்தார். கிராமத்து ஆசிரியர்களுக்குக் கார்னெல் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்திய இயற்கைப் பாட வகுப்பில் போய்ச் சேர்ந்து, அப்படியே கிருமி சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, விஸ்கான்சினில் எம்.எஸ். முடித்தார். டாக்டர் பட்டத்துக்கு மேலே படிக்கவில்லை. 1910-ல் அமெரிக்க விவசாய இலாகாவின் பால் பகுதியில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. பாலாடைக் கட்டியின் ருசிக்கு எந்தக் கிருமி காரணம் என்று ஆராய்வது வேலை. 1913-ல் வாஷிங்டனுக்கு மாற்றினார்கள். ஒரு பெண்பிள்ளை விஞ்ஞானியாக வரப் போகிறாள் என்ற செய்தியைக் கேட்டு அங்கே அதிகாரிகள் நாற்காலியிலிருந்து விழாத குறையாகத் திடுக்கிட்டுப் போனார்களாம். கூட்டத்தில் இருந்த சுருக்கெழுத்துக்காரர் பிற்பாடு மிஸ் ஈவான்ஸிடம் இதைச் சொன்னாராம்.

அங்கே அவருக்குக் கொடுத்த வேலை இதுதான்: வெளித் தூசி எதுவும் படுவதற்கு முன்னால், மடியிலிருந்து வரும்போதே பாலில் இருக்கிற கிருமிகள் எவை? கன்று வீச்சுக் கிருமி பாலில் இருக்கிறது என்பது 1911, 1912-லேயே தெரிந்துபோன விஷயம். அதைக் கினிப் பன்றிக்குப் போட்டால் வியாதி வருகிறது என்பதும் தெரியும். மனிதனை அது ஒன்றும் செய்யாது என்பது மட்டும் ஊகம். எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபடியால் அந்த ஊகத்துக்கு உண்மையின் அந்தஸ்து வந்திருந்தது. மிஸ் ஈவான்ஸ் பாங்கின் கோலையும் புரூஸின் உருண்டையையும் ஒரே மேஜை மேல் வைத்து, ஒரே உணவு கொடுத்து வளர்த்து, ஒரே சோதனைகளைச் செய்தார். இரண்டும் ஒன்றாகவே நடந்துகொண்டன. உருண்டையும் இல்லை, கோலும் இல்லை, இரண்டுங்கெட்டான் உருவம். குட்டையான கோல் என்றும் சொல்லலாம், சற்று நீண்ட உருண்டை என்றும் சொல்லலாம். மிக நுட்பமான ரத்த நீர்ச் சோதனை ஒன்றில்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது.

1917-ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்கக் கிருமி சாஸ்திரிகளின் சங்கத்தில் இதை அவர் வாசித்தார். அடுத்த வருஷம் கட்டுரையாகவும் வந்தது. ஆட்டுப் பாலால் மனிதனுக்கு ஜுரம் வருமானால், அதன் உடன்பிறப்பு இருக்கிற பசும்பாலால் ஏன் வராது? வந்துகொண்டே இருந்து, நாம்தான் கவனிக்கவில்லையோ? அவர் கேட்டது இவ்வளவுதான்.

பதிலுக்கு வந்த ஆட்சேபங்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. இவை இவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தால் இதற்குள் வேறு யாராவது கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்றார்கள். பால் வியாபாரிகள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள்: பாலைச் சூடு பண்ணுகிற இயந்திரக் கம்பெனிகளுக்கு இவர் உடந்தை! அந்தக் காலத்து அமெரிக்காவில் பாஸ்டரைஸ் செய்வது என்றாலே பலருக்கு எரிச்சல். பாலின் சத்துப் போய்விடும், அழுக்குப் பாலை விற்க அது ஒரு சாக்கு என்று பேச்சு.

எதிர்த்தவர்களில் ஒருவர் மகா மேதை. கால்நடைகளின் டெக்ஸாஸ் ஜுரத்தை உண்ணிதான் பரப்புகிறது என்று நிரூபித்த தியோபால்ட் ஸ்மித். மாட்டின் க்ஷயரோகக் கிருமியும் மனிதனுடைய க்ஷயரோகக் கிருமியும் ஒன்றல்ல என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. ஒன்று போலத் தோன்றுகிற இரண்டைப் பிரித்துக் காட்டிப் பேர் வாங்கியவருக்கு, இரண்டாகத் தோன்றுவதை ஒன்று என்று இன்னொருவர் சொன்னால் எப்படிப் பிடிக்கும்? 1925-ல் இந்த நோயைப் பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தபோது, மிஸ் ஈவான்ஸ் அதில் இருப்பார் என்பதாலேயே தலைமை ஏற்க அவர் தயங்கினார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. இத்தனை லட்சம் பேர் பச்சைப் பால் குடிக்கிறார்களே, ஜுரக்காரர்கள் எங்கே?

அதுதான் சரியான கேள்வி. ஜுரக்காரர்கள் ஆஸ்பத்திரிகளிலேதான் இருந்தார்கள். சீட்டில் மலேரியா என்றும், டைபாய்டு என்றும், வாத ஜுரம் என்றும், க்ஷயம் என்றும் எழுதியிருந்தது. இந்த வியாதிக்கு அடையாளம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ரத்தத்தைச் சோதித்தால் ஒழியத் தெரியாது. பசுவிடமிருந்து மனிதனுக்கு வராது என்று தீர்மானித்துவிட்ட பிறகு யார் சோதிக்கப் போகிறார்கள்? சோதிக்காததால் நோயாளி அகப்படவில்லை. நோயாளி அகப்படாததால் சோதிக்கவில்லை. நாவல் எழுதுகிறவன் இப்படி ஒரு முடிச்சைப் போட்டால், நம்பும்படி இல்லை என்று விமரிசகர்கள் தள்ளிவிடுவார்கள்.

முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. 1920-ல் கலிபோர்னியாவில் கார்ல் மேயரும் அவருடைய சகாவும் மிஸ் ஈவான்ஸின் சோதனைகளைத் திரும்பச் செய்து, அவர் சொன்னது சரி என்றார்கள். இரண்டு கிருமிக்கும் பொதுவாகப் 'புரூசெல்லா' என்று புதுக் குலப் பெயரும் வைத்தார்கள். புரூஸின் பெயர் அதில் இருக்கிறது. ஈவான்ஸின் பெயர் இல்லை. பிறகு டாக்டர்கள் தேட ஆரம்பித்தார்கள். தேடியதும் அகப்பட்டது. அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும், ஆட்டையே கண்ணால் பார்த்திராத நோயாளிகளின் ரத்தத்தில் இந்தக் கிருமி இருந்தது. குடியானவர்கள், கசாப்புக் கடைத் தொழிலாளிகள், மிருக வைத்தியர்கள், பச்சைப் பால் குடித்த குழந்தைகள்.

அந்தப் பட்டியலில் மிஸ் ஈவான்ஸும் ஒருவர். 1918-லேயே அவர் பொதுச் சுகாதார இலாகாவின் ஆராய்ச்சிச் சாலைக்குப் போயிருந்தார். யுத்தகால வேலைகளெல்லாம் முடிந்த பிறகு மறுபடி இந்தக் கிருமியை எடுத்தார். 1922 அக்டோபரில் ஜுரம் கண்டது. விட்டது, வந்தது. மாதக் கணக்கில் படுக்கை, பிறகு கொஞ்ச நாள் வேலை, மறுபடி படுக்கை. டாக்டர்கள் பார்த்தார்கள். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய, கல்யாணமாகாத, ஓயாமல் உழைக்கிற பெண். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். அதாவது மனசில்தான் வியாதி, உடம்பில் இல்லை என்று அர்த்தம். அந்த வியாதியைப் பற்றி அமெரிக்காவில் அவரைவிட அதிகம் அறிந்தவர் இல்லை. அது அவருக்கே வந்திருக்கிறது என்பதை நம்ப ஆள் இல்லை! பின்னால் அவருடைய உடம்பிலிருந்தே கிருமியை எடுத்து வளர்த்துக் காட்டிய பிறகுதான் வாய்கள் அடைத்தன. இருக்கிற நோயை இல்லை என்று பிறர் சொல்லிவிடுகிற கஷ்டத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சுமார் 20 வருஷத்துக்கு மேல் அந்த ஜுரம் அவரை விட்டு விட்டுப் பிடித்தது. இதற்கிடையில், 1928-ல், எந்தச் சங்கத்தின் முன்னால் நின்று அவநம்பிக்கையைச் சம்பாதித்தாரோ அதே சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். 1975-ல், 94-ஆவது வயதில் காலமானார்.

பால் விஷயம் அதன் பிறகு சுலபமாகிவிட்டது. 63 டிகிரி சென்டிகிரேடில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி, கிருமி தீர்ந்தது. ஒவ்வொரு நகரமாகச் சட்டம் செய்தார்கள். எதிர்த்த வியாபாரிகளே இயந்திரங்களை வாங்கி வைத்துப் பாஸ்டரைஸ் செய்த பால் என்று விளம்பரமும் போட்டார்கள். ஆனால் பாலைச் சூடு பண்ணினால் பால் குடிப்பவன் பிழைத்தான்; மாடு கறப்பவன்? தொழுவத்தின் ஈர மூலையில் கிருமி அப்படியேதான் இருந்தது. 1934-லிருந்து அமெரிக்க சர்க்கார் மாட்டுக்கு மாடு ரத்தம் சோதித்து, நோய் கண்டவற்றைக் கொன்று, சொந்தக்காரனுக்கு ஈடு கொடுக்கத் தொடங்கியது. ஆனாலும் 1947-ல் அந்த நாட்டில் 6,300-க்கு மேற்பட்ட மனிதர்களுக்கு இந்த ஜுரம் இருந்தது. இப்போது ஆண்டுக்கு நூற்றை ஒட்டி இருக்கிறது. அமெரிக்க மாடுகளிடம் நோய் அநேகமாக ஒழிந்துவிட்டது. எல்லோஸ்டோன் காட்டைச் சுற்றி மட்டும் காட்டெருமைகளிடமும் பெரிய மான்களிடமும் இருக்கிறது. அவற்றுக்கு அதைக் கொடுத்ததும் பழைய நாளில் அங்கே மேய்ந்த வீட்டு மாடுகள்தான்.

மாடுகளைக் காப்பாற்றிய மருந்து கிடைத்த விதம் ஒரு தனிக் கதை. ஜான் பக் என்ற மிருக வைத்திய ஆராய்ச்சியாளர், 1923-ல் ஒரு ஜெர்ஸிப் பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமியைக் குளிர் பெட்டியில் வைக்காமல் விட்டுவிட்டார். ஓராண்டுக்கு மேல் சாதாரண அறைச் சூட்டில் அது கிடந்தது. பிறகு எடுத்துப் பார்த்தால், உயிர் இருந்தது, விஷம் குறைந்திருந்தது. கன்றுகளுக்கு அதைப் போட்டால் நோய் வராமல் காத்தது. அவருடைய வரிசையில் அது 19-ஆவது. 'ஸ்ட்ரெயின் 19' என்று அதற்குப் பெயராயிற்று. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிவைத்த கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் நம் தேசத்துக் கிடாரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்க்காக விதித்த ஊசியும் இதுவே. நாலாவது மாதத்திலிருந்து எட்டாவது மாதத்துக்குள், ஆயுளில் ஒரே ஒரு தடவை. காளைக் கன்றுக்குப் போடுவதில்லை. சினைப் பசுவுக்கும் போடுவதில்லை, போட்டால் கன்று வீசிவிடக் கூடும்.

நம் வீட்டில் பாலைப் பொங்கவிடுகிறோம் என்பது பால் வாங்குகிறவர்களுக்குப் போதும். நள்ளிரவில் ஈன முடியாமல் தவிக்கிற பசுவுக்குள் கையை விட்டுக் கன்றை இழுக்கிறவருக்கு அது போதாது. தொழுவத்தில் விழுந்த கொடியை வெறுங்கையால் வாரிப் போடுகிற பெண்பிள்ளைக்கும் போதாது. கைவிரலில் ஒரு சிறு கீறல் இருந்தால் கிருமி நுழைய அது வாசல். ஜுரம் வருவதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதற்குள் அந்த இரவே மறந்துபோயிருக்கும். டவுன் ஆஸ்பத்திரியில் முதலில் டைபாய்டுக்கும் மலேரியாவுக்கும் பார்ப்பார்கள். கண்டுபிடித்துவிட்டால் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் விடாமல் சாப்பிட்டுக் குணமாகலாம். நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும். ஸ்ட்ரெயின் 19 உயிருள்ள கிருமி. கன்று திமிறும்போது ஊசி தவறித் தம் கையிலேயே குத்திக்கொள்கிற கால்நடை வைத்தியருக்கும் அதே ஜுரம் வருவது உண்டு. அதனால் அவர் ஊசி போடப் போகும்போது கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கன்றைப் பிடிக்கப் பலசாலியான ஓர் ஆளையும் கூப்பிட்டுக்கொள்கிறார்.